இருநூற்றுப் பன்னிரண்டாம் செதில்

மோட்டார் கிடையாது. மின்கம்பி கிடையாது.
பீச் மரத்தை அப்பளத்தினும் மெலிதாய்ச் சீவி
நாரின் போக்குப் பார்த்து ஒட்டிய
ஐந்நூற்றுச் சொச்சம் செதில்கள்.
காற்று காய்ந்தால் சுருண்டு திறக்கும்.
பனிமூட்டம் ஏறினால் படிந்து மூடும்.
நெக்கார் ஆற்றங்கரை நூலகத்துக்கு
நாங்கள் போர்த்திய தோல்.

திறப்பு விழாவில் மேயரம்மா கேட்டார்:
"இதை யார் இயக்குவது?"
"வானிலை" என்றேன்.
கைதட்டினார்கள்.

மூன்றாம் மாதம்
கட்டடக் காப்பாளர் ஏபர்லேயின் கடிதம்.
வடக்குச் சுவரில் ஒன்று மட்டும்
வெயில் காலையிலும் மூடிக் கிடக்கிறது,
மற்றதெல்லாம் வாய் பிளந்து நிற்க
அது உதட்டை மடித்துக்கொண்டிருக்கிறது.
எண் 212.

கழற்றினேன். பசை சரி. நார் சரி.
ஆய்வகத்தில் சொன்னதைக் கேட்டது
விருந்துக்கு வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி.
புதிதொன்றை மாட்டினேன்.
நான்காம் நாள்
அதுவும் மூடிக்கொண்டது.

ஓர் இரவு அங்கேயே தங்கினேன்,
சட்டப் புத்தக வரிசைக்குப் பின்னால்,
ஈரப்பதமானியும் ஆறிய காப்பியுமாக.

நாலரை மணிக்கு ஸோரிட்சா வந்தாள்.
தரை துடைத்து முடித்த வாளியை
ஆவி பறக்க ஜன்னலடியில் வைத்தாள்.
மேல்பக்கம் சாய்ந்து திறந்த கண்ணாடியில்
நெற்றியை முட்டுக்கொடுத்து
போனில் பேசத் தொடங்கினாள்.
எனக்குத் தெரியாத மொழி.
நடுவில் ஒருமுறை சிரித்தாள்.
பிறகு வெகுநேரம்
கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

இடைவெளி வழியே அவள் மூச்சு போனது.
வெளியே அந்தச் செதில்
கொஞ்சம் கொஞ்சமாய்
நிமிர்ந்து
சுவரோடு படிந்தது.
எட்டு மணிக்கு ஏபர்லே வரும்வரை
அந்த ஈரம் காயாது.

நாற்காலி கிறீச்சிட்டது.
திரும்பியவள் போனை மார்போடு அமுக்கி
"எல்லாம் துடைத்தாயிற்று" என்றாள்,
நான் ஒன்றுமே கேட்காதபோது.
வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அறிக்கையில்,
பழுது: இல்லை.
காரணம்: ஈரம்.
எழுதி, அடித்து, மறுபடி
அதையே எழுதினேன்.

நேற்று ஏபர்லேயிடமிருந்து இன்னொரு கடிதம்.
பழுது பார்த்ததற்கு மிக்க நன்றி,
212 இப்போது ஒழுங்காகத் திறக்கிறது.
ஆனால் கிழக்குப் படிக்கட்டின் பக்கம்
340 என்ற எண்ணுள்ள செதிலை
தயவுசெய்து வந்து பார்க்கவும்.

மேசையில் கிடக்கிறது.
இன்னும் பதில் போடவில்லை.