உப்புக் கிடங்கில் மூன்று குதிரைகள்

லாரி வாலிநோக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது
இரவு இரண்டேகால்.
பலகையைச் சாய்த்ததும் முதலில் இறங்கியது மிட்டாய்,
கல்யாணக் குதிரை,
யாரோ ஒட்டி மறந்த ஜிகினா இன்னும் நெற்றியில்.
அடுத்து துரை.
சீட்டில் வயது பதினான்கு என்றிருந்தது,
பல் பத்தொன்பது என்றது.
வெண்டயம் இறங்கவில்லை.
கடல் காதில் விழுந்துவிட்டது அவளுக்கு.
காதிரண்டும் தெற்கே திரும்பியிருக்க
பலகை நடுவில் நின்றாள்
அரைமணி நேரம்.
டிரைவர் ஒரு பீடி முடித்து
இன்னொன்று பற்றவைத்தார்.

இழுக்காதே என்றேன் காந்திக்குமாரிடம்.
இழுத்தால் வருவாள்,
அப்புறம் தினமும் இழுக்கணும்.

கட்டடம் முன்பு உப்புக் கிடங்கு.
அளக்காரர்கள் காலி செய்தபின் குத்தகைக்கு எடுத்து
பழைய வள்ளத்துப் பலகையில் நாலு தடுப்பு அடித்தேன்.
ஒரு பலகையில் இன்னும் பதிவு எண் பாதி இருக்கிறது.
எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும்
சுவர் உப்புப் பூக்கிறது.

முதல் காலை
மூன்று வாளியும் வைத்தது வைத்தபடி.
முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டின.
டேங்கர் தண்ணீர், நாங்களும் இதைத்தான் குடிக்கிறோம்,
குடம் பன்னிரண்டு ரூபாய்,
குதிரையிடம் சொல்லி என்ன.
கருப்பட்டி தட்டிப் போட்டுக் கரைத்தேன்.
துரை குடித்தான்.
துரையைப் பார்த்து மிட்டாய் குடித்தது.
வெண்டயம் வாளியைக் கவிழ்த்தாள்.
அன்று மதியம் அவள் சுவரை நக்கிக்கொண்டிருந்தாள்.
நக்கட்டும்.
தாகம் எடுக்கும்.

ஐந்து மணிக்கு ஊறிய கொள்ளு.
அவர்கள் கொண்டுவந்த தீவனம் முக்கால், என்னுடையது கால்.
பாதிக்குப் பாதி எட்டாம் நாள்தான்.
குளம்பு குத்தி எடுக்க, இடது முன்கால் முதலில்,
எப்போதும் இடது முன்கால் முதலில்,
அடுத்து எது என்று அவை யோசிக்கக் கூடாது.
புல்லைத் தரையில் போடாதே.
தரையில் மேயும் குதிரை கடற்கரையையும் சேர்த்து மேயும்,
மணல் குடலில் இறங்கி உட்கார்ந்தால்
கீழக்கரையிலிருந்து டாக்டர் வருவதற்குள்
எல்லாம் முடிந்திருக்கும்.
லத்தியைப் பாட்டில் தண்ணீரில் கலக்கி
அடியில் எவ்வளவு மணல் தங்குகிறது என்று பார்ப்பேன்.
ஜன்னலில் வரிசையாய் நிற்கும் பாட்டில்களைப் பற்றி
என் மாப்பிள்ளை இப்போதெல்லாம் கேட்பதில்லை.

வெண்டயத்தின் சொந்தக்காரர் ஞானவேல்
மதுரையிலிருந்து ராத்திரி பத்துக்குக் கூப்பிடுவார்.
சாப்பிட்டாளா ராவியத்தும்மா?
லத்தியைப் படமெடுத்து அனுப்பினேன்.
அதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

ஐந்தாம் நாள் அவள் முன்கணுக்கால்களில் சிராய்ப்பு பார்த்தேன்.
யாரும் அடிக்கவில்லை, எதிலும் மோதவில்லை.
படுக்கப் பயந்து நின்றே தூங்கி
முட்டி மடங்கி விழுந்து
விழுந்த அதிர்ச்சியில் எழுந்திருக்கிறாள்,
ஒரு ராத்திரியில் எத்தனை தரமோ.
கச்சான் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
வைக்கோல் அவள் காலடியில்
விரித்த மாதிரியே கிடந்தது.

மருந்து போட்டேன்.
பிறகு ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்து
அவளுக்கும் துரைக்கும் நடுவே
மேல் பலகை இரண்டைக் கழற்றினேன்.
கடிச்சுக்கப் போகுதுக்கா என்றான் காந்திக்குமார்.
கடித்தாள்.
துரை திருப்பிக் கடிக்கவில்லை.
கொஞ்சம் தள்ளி நின்று
தொட்டியில் மிச்சமிருந்ததைத் தின்றான்.

ஒன்பதாம் நாள் காலை தேய்க்கப் போனேன்.
வாளி காலி.
வாலில் வைக்கோல், பிடரியில் வைக்கோல்,
இடது விலா முழுக்கப் பச்சைக் கறை,
பெரியது, நீளமானது,
ஒரு குதிரை முழுசாகப் படுத்தால் மட்டும் வரும் கறை.
மூதேவி, நேற்றுத்தானே குளிப்பாட்டினேன் என்று
திட்டிக்கொண்டே தேய்த்தேன்.
காந்திக்குமார் என் முகத்தைப் பார்த்துவிட்டு
வெளியே போய்விட்டான்.

பக்கத்துத் தடுப்பில் துரை,
ராத்திரி முழுக்க நின்றவன்,
மணி ஏழாகியும் காலை நீட்டிப் படுத்துக்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
கொள்ளு வாளியைத் தட்டினேன்.
ஒரு காது மட்டும் அசைந்தது.