கூட்டுப்பெருங்காயம்

மாப்படுகை ரயில்வே கேட்டைத் தாண்டும்போது
பன்னிரண்டு மணி ஆகியிருக்கும்.
முழங்கை வரைக்கும் மைதா
காய்ந்து இறுகிக் கிடக்கும்.

முன்வாசல் எனக்கில்லை.
கொல்லையில் கைப்பம்பு, பக்கெட்,
நகக்கண்ணுக்கு ஒரு பழைய பிரஷ்.
சட்டையும் கைலியும் தலைத்துண்டும்
முருங்கைக்கு அந்தப் பக்கம், தனிக் கொடியில்.
ஐப்பசி கடைசியில் கடைமுகத்துக்கு
ஊரே வந்து காவிரியில் முழுகிப் பாவத்தை விட்டுப்போகும்.
எனக்குத் தினம் ராத்திரி
கடை முடிந்தால் முழுக்கு.
அதற்கப்புறம்தான் பிள்ளையைத் தொடலாம்.

இருபத்தோரு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர்.
வீசினால் மல்லு வேட்டி மாதிரி விரியும்,
பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தவர்கள் உண்டு.
நிறைமதிக்கு நாலு வயசில்
இலைத்துண்டில் மடித்துக் கொண்டுவந்து
முதல் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டது
இந்தக் கைதான்.
இன்னொண்ணுப்பா, என்றாள்.

பிறகு வயிறு பானையாச்சு, கால் குச்சியாச்சு.
பூச்சி என்றார்கள். மாந்தம் என்றார்கள்.
தையல்நாயகி
மால்ட்டு பவுடரை மூன்று வேளையாக்கினாள்,
உடம்பு தேறட்டும் என்று.

தஞ்சாவூரில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா
சீட்டில் ஒரு பேர் எழுதினார்.
செலியாக்.
கோதுமை ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது,
துளிகூட.
தையல்நாயகி சிரித்தேவிட்டாள்:
நாங்க நெல்லு திங்கிற ஊரும்மா.

நெல்லு திங்கிற ஊர்தான்.
கிருத்திகைக்கு ரவைக் கேசரி,
பந்தியில் சேமியாப் பாயசம்,
சர்க்கரை வந்த அண்ணனுக்கு ராத்திரிச் சப்பாத்தி,
ரேஷனில் அரிசிக்குக் கூடவே கோதுமை.
எப்போது உள்ளே வந்தது என்று
யாரும் கேட்டதில்லை.

எல்லாம் நிறுத்தினோம்.
அவளுக்குத் தனித் தோசைக்கல்,
சிவப்பு நூல் கட்டிய கரண்டி.
தம்பி மருது எங்கேயோ பிஸ்கட் தின்றுவிட்டு
வாய் கொப்பளித்து வந்து
கேட்காமலே 'ஆ' காட்டுவான்.

மூன்று மாசம்.
ரசஞ்சாதம் மட்டும்தான் தின்றாள்.
ஆனாலும் சுருண்டு படுத்தாள்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
என் பாயை மட்டும்
ஒரு நாள் தாழ்வாரத்தில் பார்த்தேன்.

நாலாம் வகுப்பு. எது கிடைத்தாலும் எழுத்துக்கூட்டுவாள்.
அடுப்படியில் உட்கார்ந்து
பெருங்காய டப்பாவைத் திருப்பித் திருப்பி
வீட்... ஃப்ளோர்... என்றாள்.
வீட்டுதா? என்றாள் அவள் அம்மா, புளி கரைத்தபடி.
இல்லம்மா, வீட்.
கோதுமை.

ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.
வாயுவுக்கு நல்லதென்று
பிள்ளைக்காகவே தினம் ஒரு சிட்டிகை கூடுதலாக.

தையல்நாயகி அடுப்பை அணைத்தாள்.
டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
தரையில் உட்கார்ந்தாள், வெகுநேரம்.

என் கை இல்லை, என் கை இல்லை
என்று எனக்குள் ஒன்று குதித்தது.
அவள் அழுதுகொண்டிருந்தாள்,
நான் சந்தோஷமாக இருந்தேன்.
இதை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது ரசத்துக்குப் பூண்டு மட்டும்.
பாய் உள்ளே வந்துவிட்டது.

திங்கள்கிழமை கடை லீவு.
பச்சரிசி மாவில் வெந்நீர் விட்டுப் பிசைந்து பார்த்தேன்.
அதற்கு இழுவை கிடையாது.
வீசினேன்.
பாதி சுவரில், பாதி மருது தலையில்.
கல்லில் ஒட்டியதைச் சுரண்டி
தட்டில் வைத்தபோது தலை நிமிரவில்லை.
விடுப்பா, என்றாள் நிறைமதி,
எப்படியும் நீ பிய்ச்சுத்தானே போடுவே.

நேற்று பம்புச் சத்தத்தில் விழித்திருக்கிறாள்.
இருட்டுக்குள்ளிருந்து
தூக்கம் ஒட்டிய குரல்:
நகம்?

தேய்ச்சாச்சு, தாயி.