ஐந்து காசு வட்டம்

ஷென்டன் வேயில் நாற்பது மாடிகளுக்கு
நான் காற்று பார்க்கிறவன்.
கூரைப் பலகையைத் தள்ளி, ஏணியில் நின்று தலை நுழைத்து,
குழாய்க்குள் டார்ச் அடித்து.
கூட்ட அறையில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் பேசினால்
சுவர்க் கருவி ஆயிரத்து இருநூறு காட்டும்.
விசிறியைக் கூட்டுவேன். இறங்கும்.
இறங்கினால் நல்லது.
பதினோரு வருடமாய் எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

இங்கே அலகு வேறு. பாதரசக் கணக்கு.
என் மகள் தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
கணுக்கால் பட்டையில் பெயரில்லை,
'பேபி ஆஃப் சுகந்தி' என்றிருக்கிறது.
குரல்நாண்களுக்கு நடுவே குழாய் போகிறது.
அழுகிறாள், வாய் கோணுகிறது,
சத்தம் மட்டும் வருவதில்லை.
தொடையில் ஐந்து காசு அகலத்துக்கு ஒரு வட்டம்;
நாற்பத்தோரு டிகிரிக்குத் தோலைச் சுடவைத்து
ரத்தத்தில் தங்கிய கரியமில வாயுவை
ஊசியில்லாமல் எட்டிப் பார்க்கிறது.
நாற்பத்தாறு. நாற்பத்தேழு. நாற்பத்தாறு.

குத்தி எடுத்தே பார்க்கலாமே என்று
முதல் நாள் வார்டு வாசலில் கேட்டேன்.
மரிவிக் என் விரலில் தொங்கிய கோப்பிப் பையைப் பார்த்தாள்,
தபாவ் செய்து, பாதிக்குமேல் குடித்திருந்தது.
"மிச்சம் இருக்கே டாடி,
அவள் உடம்பில் மொத்த ரத்தமே அவ்வளவுதான்."
அதை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டேன்.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறார்கள்.
தொடை, வயிறு, மறு தொடை.
பிரித்த இடமெல்லாம் சிவந்த தடம்.
மாற்றியதும் கொஞ்ச நேரம் கருவி பொய் சொல்லும்,
சூடு பிடிக்கும்வரை நம்பாதே என்றாள்.
அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது.
எல்லா சென்சாரும் அப்படித்தான்.

வியாழன் இரவு.
நுரையீரலுக்குள் மருந்து ஊற்றி ஒரு மணி நேரம்.
புக்கிட் தீமா சாலையில் மழை, கடைசி 170 போயிருக்கும்.
நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.
ஈசூன் வீட்டில் பால் பிழிந்துகொண்டிருந்தவளுக்கு
வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்:
இறங்குது பார்.
முப்பத்து நான்கு.
கட்டைவிரல் ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று.
முப்பத்தொன்று.

மரிவிக் ஓடவில்லை. அங்கே யாரும் ஓடுவதில்லை.
வட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினாள்:
ஒட்டியே இருக்கிறது, காற்று ஒழுகவில்லை.
அப்படியானால் எண் நிஜம்.
டாக்டர் சியா வந்து ஒரு குமிழைத் திருகினார்.
மிகக் கொஞ்சம்,
நான் ஒரு டாம்பரைத் திருகுவதில் நூறில் ஒரு பங்கு.
நுரையீரல் இளகிவிட்டது,
மெஷின் பழைய பலத்திலேயே ஊதிக்கொண்டிருந்தது,
அளவுக்கு மேல் வெளியே போனால்
மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும்
என்பதையெல்லாம் பிறகுதான் சொன்னார்.
அப்போது சொல்லியிருந்தாலும்
என் காதில் விழுந்திருக்காது.

முப்பத்தொன்று.

முப்பத்தொன்று.

சுவரோடு சாய்ந்து நின்றிருந்தேன்.
ஏறு, ஏறு என்று
பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் எண்ணிடம் கெஞ்சினேன்.
எந்தக் கட்டடத்திலும் நான் அதைச் செய்ததில்லை.

முப்பத்து மூன்று.

ஐந்தே காலுக்கு நாற்பத்து நான்கு.
மரிவிக் வட்டத்தைப் பிரித்து
வயிற்றின் இடப்பக்கம் ஒட்டினாள்.
போன் அதிர்ந்தது: இப்ப எவ்வளவு?
'ஏறிடுச்சு' என்று தட்டினேன்.
அதோடு விட்டால் சுகந்தி பயந்துபோவாள்.
கொஞ்சம் யோசித்து
'நல்லது' என்று சேர்த்தேன்.