உறையாத இரவு

பெருங்குடியில் நாலாவது மாடி. இரவுப் பணி.
ஏசி பதினெட்டில்.
நான் கண்ணால் பார்த்திராத ஒரு மலைக்கு
உடம்புச் சூடு பார்த்து எழுதுவது
என் வேலை.

பங்குனியில் பனிக்கு இரண்டு குணம் என்பார் நொர்பு.
இரவில் இறுகும்.
விடிந்தால் மேல்தோல் மட்டும் இளகி
கல்லுப்பாய் உதிரும்.
அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
சறுக்குப் பலகையோடு இருட்டிலேயே ஏறுகிறார்கள்.
பத்தரைக்குள் இறங்கிவிட வேண்டும்.
பிறகு வெயில் உள்ளே போகும்.
தண்ணீர் கசிந்து கசிந்து
ஜனவரியில் விழுந்து எல்லாரும் மறந்துபோன
சர்க்கரை மாதிரி ஓர் அடுக்கைத்
தேடிப் பிடிக்கும்.
அதன் மேல் நிற்பதெல்லாம்
கடனில் நிற்பது.

நொர்பு குழி வெட்டிப் படம் அனுப்புவார்:
வெள்ளைச் சுவர், பக்கத்தில் அடிக்கோல்.
இங்கே ஒரு விரல் நுழைகிறது.
இங்கே நாலு விரல்.
இங்கே முஷ்டியே போகிறது, செலின்-ஜி.
எனக்குத் தெரிந்த ஐஸ்
காசிமேட்டில் வஞ்சிரத்தின் மேல் கொட்டுவது.
அதில் விரல் நுழைத்தால் அப்பா திட்டுவார்.

அன்றைக்குக் கருவி சொன்னது மைனஸ் இரண்டு.
எழுதினேன்: நன்றாக உறைந்திருக்கிறது.
அபாயம், ஐந்துக்கு இரண்டு.
கையெழுத்துக்குப் பதில் என் பணியாளர் எண்.

மூன்றரைக்கு மொட்டை மாடிக்குப் போனேன்.
குப்பைமேட்டுப் புகை.
சதுப்பில் ஏதோ பறவை ஒருமுறை கத்திவிட்டு
தப்பு செய்ததுபோல் நிறுத்திக்கொண்டது.
ஓர் இலை அசையவில்லை.
மேகம், குண்டானுக்கு மூடி போட்ட மாதிரி.
பகலில் குடித்த வெயிலைத்
திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல்
கைப்பிடிச் சுவர் இன்னமும் சுட்டது.
கழுத்துக்குழியில் வியர்வை.
அப்போதுதான் உறைத்தது.

அங்கேயும் மேகமென்றால்?
பனி தன் சூட்டை வானத்தில்தானே இறக்கி வைக்கும்.
வானம் சாத்தியிருந்தால்
காற்று என்ன மைனஸ் காட்டினால் என்ன,
பனி தூங்கியிருக்காது.

படிக்கட்டில் ஓடினேன். லிஃப்ட் நினைவே வரவில்லை.
செயற்கைக்கோள் படத்தில் கணவாய் முழுக்கச் சாம்பல்.
இரண்டை அழித்து நாலு போட்டேன்.
மூன்று நாற்பத்தெட்டு.

நொர்பு வெளியே போய்த் தடியை ஊன்றினார்.
ஊன்றிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டிருக்க வேண்டிய
சத்தம் கேட்கவில்லை.
'மேலே பாப்பட், கீழே கிச்சடி' என்றார்.
'இரண்டு பேர் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.
உங்கள் இரண்டைப் பார்த்துவிட்டு.'

எட்டு மணிக்குப் பணி முடிந்தது.
பத்து வரை உட்கார்ந்திருந்தேன்.
பகல் ஆட்கள் வந்து என் நாற்காலியைக் கேட்டார்கள்.

கடற்கரைச் சாலையில் தார் இளகி
டயரோடு பேசியது.
இதே வெயில் அங்கே
எந்தப் பாறையைத் தொட்டிருக்கும்?
ராயபுரம் பாலத்து இறக்கத்தில்
முன்னால் ஒரு மீன் வண்டி.
பின்கதவு சரியாக மூடவில்லை.
உடைத்த ஐஸ் ஒவ்வொன்றாய் விழுந்து
உருண்டு வந்தது, சின்னதும் பெரிசுமாய்.

சரிவில் இப்படி உருண்டைகள் தானாக
உருளத் தொடங்கினால்
அங்கே நிற்காதே என்பார் நொர்பு.
நான் நின்றேன்.
பின்னால் ஹாரன், ஆட்டோக்காரரின் வசவு.

பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது:
சரிவு விழுந்துவிட்டது.
நீச்சே கோயி நஹீ.

கீழே யாரும் இல்லை.
என் அரைகுறை இந்தியில்
அதற்கு இரண்டு பொருள்.
தமிழில் சொன்னாலும் இரண்டுதான்.

அழைத்தேன். மணி போகிறது.
செருப்பு முனையில் ஒரு துண்டு ஐஸ்
ஓரம் மழுங்கிக்கொண்டிருக்கிறது.
இன்னும் மணி போகிறது.