முப்பது சென்றிமீற்றர்

அனுமதிப் பத்திரம் ஏழு பக்கம்.
மழை எப்போது பெய்யலாம் என்று அதில் எங்கும் இல்லை.
பெய்தபின் அது யாருடையது என்பதுதான் இருக்கிறது:
வேலிக்கு வெளியே விழுந்தால் வானத்துடையது,
உள்ளே விழுந்தால் நிறுவனத்துடையது.
நிறுவனத்தின் சார்பில்
வாளியும் கையுறையுமாக நான்.

ஓல்டன். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்
நாற்பத்திரண்டு வீடுகள் வரப்போகிற குழி.
சரிவின் அடியில் டுன்னெர்ன்,
கோடையில் செருப்பைக் கையில் பிடித்தபடி
கடந்துவிடக்கூடிய ஆறு.

மூன்று இரும்புத் தொட்டிகள்.
முதலாவதில் மண் இறங்கும்.
இரண்டாவதில், இறங்க மாட்டேன் என்றதும் இறங்கும்.
மூன்றாவதில் காபனீரொட்சைட்டை விட்டுச்
சீமெந்தின் காரத்தை அடக்குவோம்.
சோடாப் போத்தலில் இருக்கும் அதே வாயு என்றேன்,
அட்டெலினோ விரலை விட்டு நக்கிப் பார்க்கப் போனான்.
பிடித்து இழுத்தேன்.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை
கண்ணாடிக் குழாயில் நீர் எடுப்பேன்,
முப்பது சென்றிமீற்றர் உயரத்துக்கு.
குழாயின் அடியில் ஒட்டிய தாளில்
ஐந்து வரி எழுத்து, ஒரு சொல்லும் ஆகாதவை.
மேலிருந்து குனிந்து வாசிக்க வேண்டும்.
வாசிக்க முடிந்தால் ஆற்றுக்கு விடலாம்.
முடியாவிட்டால்
அந்த நீர் இன்னும் நீர் ஆகவில்லை.

செவ்வாய் இரவு இடித்துப் பெய்தது.
புதன் விடிய வந்து பார்த்தால்
திங்கள் ஊற்றிய தளத்தைக் கழுவிக்கொண்டு வந்த வெள்ளம்
மூன்று தொட்டியிலும் விளிம்பு முட்ட.
வெளுத்ததெல்லாம் பால் என்றால்
அன்று ஊருக்கே தேநீர் போட்டிருக்கலாம்.
மானியில் பதினொன்று தசம் எட்டு.
குழாயில் எழுத்தே இல்லை, பனிமூட்டம்.

ருட்டிமன் வந்தார், மேற்பார்வையாளர். கெட்டவர் இல்லை,
என் மகளின் சைக்கிளைத் திருத்தித் தந்தவர்.
"ஒன்பது மணிக்குக் கொங்கிரீட் லொறி ஆறு வருகுது.
இடம் வேணும்.
உனக்கு நல்ல கண். இன்னொருக்கா வாசித்துப் பார்."

குனிந்தேன்.
பதினொரு மாதம், நாளுக்கு இரு முறை.
ஐந்து வரியும் எனக்கு மனப்பாடம்.
கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன்,
அவர் தலையாட்டியிருப்பார், வால்வு திறந்திருக்கும்,
பழியை மழையின் தலையில் போட்டிருப்போம்.
மழை மறுத்துப் பேசாது.
மீன்களும் அப்படித்தான்.

முதல் எழுத்து நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியேல்லை" என்றேன்.
பதிவேட்டில்: நேரம் 6.20. தெளிவு நான்கு. வால்வு மூடியது.
திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.
ஆறு லொறியும் உருளையைச் சுழற்றியபடியே
ஒவ்வொன்றாய்த் திரும்பிப் போயின.
மதியம்வரை ருட்டிமன் என் பக்கம் பார்க்கவில்லை.
பிறகு தானே
இரண்டு வாயு உருளைகளைத் தோளில் தூக்கி வந்து
சத்தமில்லாமல் இறக்கினார்.

வியாழன் மாலை ஐந்தே கால்.
குழாயின் அடியிலிருந்து
வரி வரியாய் ஏறி வந்தன எழுத்துகள்.
அவசரப்படாமல் வாசித்தேன்,
புது வாடகைப் பத்திரத்தை வாசிப்பதுபோல.
மூன்றாம் வரி, நாலாவது.
பதினொரு மாதமாய் நான் 'பி' என்று சொல்லி வந்தது
'ஆர்'.
கீழே ஒரு கால் இருந்தது.

பழைய பக்கங்களை நான் புரட்டிப் பார்க்கவில்லை.
திரும்ப ஒரு முறை வாசித்தேன்.
பிறகு வால்வைத் திறந்தேன்.