தட்டு

தட்டின் மேல் நான்கு பெயர்:
பெலிசியான், ஜெரார், அன்சாரி, தேசிங்கு.
குழுவின் பெயர் ஜிகினா. அதைக்கூட
கல்கத்தா அச்சுக்காரன் ஜிகானா ஆக்கிவிட்டான்.
ஐந்தாவது ஆள் நான்.
இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில்
ஒரு கைத்தட்டு பிந்தி விழும்,
தகரம் உரசினாற்போல்.
அது நான்.

எழுபத்து நான்கு, புரட்டாசி மழைக்கு முன்னே
துணியோடு வந்து நின்றான் பெலிசியான்.
சவப்பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஊதா சாட்டின்.
உப்பளம் கல்லறைக்கு எதிர்க் கடையில்
கெஜம் மூன்றே கால் ரூபாயாம்.
"தொடையில் இறுக்கம், அஞ்சலாட்சி.
முட்டிக்குக் கீழே யானைக்கால்.
மிச்ச இடமெல்லாம் ஜிகினா."
"இதைப் போட்டுக்கொண்டு எங்கே ஆடப் போகிறாய்?"
"ஆட்டமில்லை. ரிக்கார்டு போடுகிறோம்."
"ரிக்கார்டில் கால்சட்டை தெரியுமா?"
"கேட்கும்" என்றான்.

பதினோரு நாள் தைத்தேன்.
ஒவ்வொரு ஜிகினாவுக்கும் ஒரு முடிச்சு,
கண் எரிய எரிய.

வாணரப்பேட்டையில் ஒரு சோடா கம்பெனி.
ராத்திரி ஒன்றரை மணி.
அதற்கு முன்னால் முடியாது:
மில் ஓடும்போது கரண்ட் இறங்கும்,
டேப் தூங்கி வழியும்,
பெலிசியான் குரல் அவன் மாமா குரலாகிவிடும்.
டெலிபோன் இலாகா கலியபெருமாள்
ஒற்றைச் சுருளோடு உட்கார்ந்திருந்தார்.
கான்வென்டில் பிரெஞ்சுப் பாடம் பதிந்த பழைய சுருள்.
"மூன்று தடவை. நாலாவது தடவைக்கு
உங்கள் அப்பனைக் கேளுங்கள்."

தேசிங்கு காலிப் பெட்டிகளை அடுக்கி
மேலே ஏறி மிதித்தான்.
மேளத்தைவிட அதுதான் பிடித்திருந்தது எல்லோருக்கும்.
டும் டும் டக். டும் டும் டக்.
மூலையில் சோடா பாட்டில்கள்
தாங்களாகவே சலசலத்தன,
அதையும் விட்டுவிட்டார்கள்.
பெலிசியான் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாடினான்,
எதிரொலிக்காக.
யாரும் பார்க்காத தொட்டிக்குள்
கண்மை, உதட்டுச்சாயம்,
லாரி டயரில் செய்த ஆறங்குலக் குதிகால்.
பூசாவிட்டால் குரல் வராதாம்.
கல்யாணப் பெண்ணுக்கு நான் செய்துவிடுகிற மாதிரி
மை கரைந்தபோது துடைத்துவிட்டேன்.
அவன் வெட்கப்படவில்லை. எனக்குத்தான்.

இரண்டு தடவை தோற்றது.
ஒன்றில் ஜெராரின் கம்பி அறுந்தது.
இன்னொன்றில் நாய்.

நான் வந்தது இடுப்பு தளர்த்த.
வாய் நிறையக் குண்டூசி,
விரலில் அங்குஸ்தான்.
"ஊரே தட்டுவது போல இருக்கணும்,
ஊரில் ஆள் இல்லை, நீங்களும் தட்டுங்க அக்கா"
என்றான் அன்சாரி.
முடியாது என்று சொல்ல
வாயில் இடமில்லை.
தட்டினேன்.

தொட்டியிலிருந்து ஏறிவந்து
கடைசிச் சரணத்துக்கு முன் துள்ளினான் அவன்.
பின்பக்கம், நடுத்தையல்.
நூல் ஒவ்வொன்றாய் விடுவதை
வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?
நான் பார்த்தேன். கை நின்றுவிட்டது.
டர்ர்ர்ர்.
அப்புறம்தான் என் தட்டு.
ஜிகினாக்கள் சிமெண்டில் உருண்டோடின.
யாரும் நிறுத்தவில்லை.
சுருள் தீர்ந்து பட்பட்டென்று அடித்தது.
கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றி,
"இது போதும்" என்றார்.

முன்னூறு பிரதி. பார்சலில் வெயில் பட்டு
நாற்பது வளைந்து வந்தது.
அந்த டர்ர்ர்ரைக் கேட்டு
கிதாரில் எப்படி வாசித்தாய் என்று
காரைக்காலிலிருந்து ஒருவன் கடிதம் போட்டான்.
ஜெரார் பதிலும் எழுதினான், கிராதகன்,
இரண்டு பக்கத்துக்கு.

பெலிசியான் துலூசுக்குப் போய்விட்டான்.
வளைந்ததில் ஒன்று என்னிடம் இருக்கிறது,
போட்டுக் கேட்க மிஷின் இல்லை.
கணக்கு நோட்டில் மட்டும் இன்னும் அடிக்காமல்:

ஊதா கால்சட்டை ஒன்று, பாக்கி பதினொன்று ஐம்பது.
மறுதையல், இனாம்.
கைத்தட்டு