மூன்றாம் தராசு

இரவு இரண்டேகால். புந்தா அரேனாஸின் காற்று
தகரக் கூரையைத் தூக்கிப் பார்க்கிறது,
முடியாமல் விட்டு, மறுபடி பார்க்கிறது.
உள்ளே நண்டுகள் வெந்து சிவந்து
மூன்றாம் தராசு வரை வந்து நின்றுவிட்டன.
எடை தெரிகிறது. சீட்டு அச்சாகவில்லை.
திரையில் ஒரே வரி:
நவரீனோ என்று யாரும் இல்லை.

நவரீனோ இருக்கிறது.
மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களின் பக்கத்தில்,
விசிறி இரைய உட்கார்ந்திருக்கிறது.
எனக்கு முன்பு இங்கே வேலை பார்த்தவர்
சர்வர்களுக்குத் தீவுகளின் பெயர் வைத்தார்.
டாசன், பிக்டன், லெனாக்ஸ்.
வேறு எதையும் எழுதி வைக்கவில்லை.

நெல்டா பாரியா ரப்பர் கையுறையோடு
என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள்.
"ஆபீஸ் விண்டோஸ் எல்லாம் ஓடுதே,
உன் லினக்ஸுக்கு மட்டும் என்ன கேடு?"
அது என் லினக்ஸ் இல்லை என்று வாயெடுத்தேன்.
நேற்று மாலை அதை நிறுவியது நான்தான்.
மூடிக்கொண்டேன்.
நாற்பது பெட்டி, நாற்பத்தொன்று.
என் காதில் விழவேண்டும் என்றே எண்ணுகிறாள்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், எல்லோரும் செய்வதுதான்.
எண்ணால் கூப்பிட்டேன்:
பிங் போன வேகத்தில் திரும்பி வந்தது.
பெயரால் கூப்பிட்டேன்: யாரும் இல்லை.
சரி, பெயர் சர்வர் செத்திருக்கும் என்று
டிக் போட்டு டாசனையே நேரில் கேட்டேன்.
நவரீனோவா, இந்தா அதன் எண் என்றது,
இதைக் கேட்க இவ்வளவு நேரமா என்பது போல.

கேட்டால் தெரிகிறது.
கூப்பிட்டால் தெரியவில்லை.
அதே பெட்டி, அதே கம்பி, அதே நான்.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் வழக்கமான இரண்டு வரிதான்.
ஃபயர்வாலில் ஐம்பத்து மூன்றாம் கதவு திறந்தே கிடந்தது.
டாசனின் முகவரியில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.
அரை மணி நேரம்
சரியாக இருப்பதையெல்லாம் சரிபார்த்தேன்.

இடையில் வாசல் காவலர் கார்கமோ வந்தார்.
லாரிக்காரர் ஒருவர் ருபெர்த்தோ ஒயார்சூனைத் தேடுகிறாராம்.
கூடத்தின் நடுவே நின்று பெயரை உரக்கக் கத்தினார்.
பாய்லர் இரைச்சலில் ஒரு தலையும் திரும்பவில்லை.
அப்படி யாரும் இல்லை என்று
சொல்லியனுப்பப் போய்விட்டார்.
பணிப்பட்டியல் அவர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது:
உறைகூடம், ஆறாவது பெயர்.

எனக்கு உடனே உறைக்கவில்லை.
லாரி கிளம்பி, சரளைக்கல் நொறுங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான்
பெயர் தேடும் வரிசையைச் சொல்லும் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

முதலில் உன் குறிப்பேட்டைப் பார்.
பெயர் லோக்கல் என்று முடிந்தால் கூடத்தில் நின்று கத்து.
பதில் வராவிட்டால் அங்கிருந்தே திரும்பிவிடு.
அதற்குப் பிறகு டிஎன்எஸ்.
அந்தப் பிறகு வருவதே இல்லை.

சாந்தியாகோ தலைமையகத்தில் யாரோ, எந்த வருடமோ,
எங்கள் இயந்திரங்களுக்கெல்லாம் லோக்கல் என்று வால் ஒட்டினார்கள்.
விண்டோஸுக்கு அது குடும்பப் பெயர்.
லினக்ஸுக்கோ, அக்கம்பக்கத்தில் விசாரி என்று பொருள்.

முதல் தராசின் கோப்பைத் திறந்து ஒப்பிட்டேன்.
அதில் டிஎன்எஸ் என்ற சொல் முன்னால் நகர்ந்திருந்தது.
மேலே அந்தப் பழைய மனிதரின் குறிப்பு ஒன்று: தொடாதே.
ஏன் என்று இல்லை.

நானும் நகர்த்தினேன்.
ஏன் என்று மூன்று வரி எழுதினேன்,
ஒரு வரியை அழித்தேன், கோபத்தில் எழுதியது.

அச்சு இயந்திரம் இருமிவிட்டுத் தொடங்கியது.
தேங்கிய சீட்டுகள் நாக்கு நாக்காக நீண்டு தரையைத் தொட்டன.
நெல்டா எண்ணுவதை நிறுத்தினாள். நன்றி சொல்லவில்லை,
ஒரு நண்டுக்காலை முறித்து என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

விடிவதற்குள் உறைகூடத்துக்குப் போய்
உங்களைத் தேடி ஆள் வந்தார் என்று ஒயார்சூனிடம் சொன்னேன்.
மீசையில் பனித்துகள். யார் என்றார்.

லாரிக்காரரின் பெயரை
எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.